வெல்வெட்டில் இருந்த கல்

போரேட் என்னும் அரிய கனிமப் படிகங்களைச் சேகரிப்பதில் தமக்கு நிகரில்லை என்பவர் தாண்டவராயர். ஒருநாள் அவருடைய விருந்தாளி, வெல்வெட்டின்மேல் இருந்த மெருகிட்ட யூலெக்சைட் கல்லைக் கண்ணாடி என்று நகைத்தார். கற்களைத் துடைக்கும் செங்கமலமே அசலை மாற்றிவிட்டாள் என்று தாண்டவராயர் வேலைநீக்க உத்தரவு எழுதினார்.

"கல்லைத் தொடாம அது அசல்னு காட்டு. இல்லேன்னா போலீஸ்தான்!"

"தொடலைங்கய்யா. அந்த உத்தரவுமேல நீங்களே கல்லை வையுங்க."

வைத்தார். அடியிலிருந்த எழுத்துகள் கல்லின் மேல்முகத்தில் வந்து நின்றன: 'செங்கமலம் திருடி.'

"கண்ணாடியில் எழுத்து இப்படி மேலே வராது. அசல்தான்," என்றார் விருந்தாளி, தலைகுனிந்து.

"இது உனக்கெப்படித் தெரியும்?" என்றார் தாண்டவராயர்.

"துடைக்கிறப்போ பேப்பர்மேல வைப்பேங்கய்யா. பதினொரு வருஷமா இந்தக் கல்லுமேலதான் சேதி படிக்கிறேன். நீங்க வெல்வெட்டை விட்டு எடுத்ததேயில்லையே. இப்ப கல்லை எடுத்துட்டு, அந்த வரியை உங்க பேனாவாலேயே அடிச்சுக் கொடுங்க."