பத்து விழணும்

"மாஸ்டர், என் விளையாட்டு மேசை கலையப் போகுதுங்க" என்றாள் கோகிலவாணி.

மாஸ்டர் என்பவர் பெனடிக்ட். வயது இருபத்தொன்பது. வாரநாளில் வீடு வீடாகப் போய், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுது பார்ப்பவர். ஈரோட்டில் கதை விளையாட்டு நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும்.

கோகிலவாணிக்கு நாற்பத்தாறு. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக அவருடைய சிஷ்யை.

"உட்காருங்க்கா. யார் போறாங்க?"

"ஏற்கெனவே ரெண்டு பேர் போயாச்சு. இப்ப சென்னியப்பன். ஞாயித்துக்கிழமையோட சரின்னுட்டாரு. மிச்சம் இருக்கற ரெண்டு பேரும் அவரு வந்தாத்தான் வருவாங்க."

"போனாப் போகட்டுமே."

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? வாரம் ஆறு நாள் மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். இந்த ஒரு நாள்தான் நான் பேசறதை நாலு பேரு வாயைப் பொளந்துட்டுக் கேக்கறாங்க. அதுவும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு விவரம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். பூட்டை உடைக்கவோ ஆற்றைக் கடக்கவோ வேண்டி வந்தால், கதை சொல்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்ததோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டால் ஜெயம். ஆட ஆட நிலை உயரும். நிலை உயர்ந்தால் திறமையும் உயரும். அவ்வளவுதான். இதற்காகச் சண்டை போட்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

"நிலை ஏத்திக் குடுத்தீங்களா?" என்றார் மாஸ்டர்.

"குடுக்காம என்ன? ஒண்ணுல ஆரம்பிச்சு இப்பப் பன்னெண்டு. போன மாசம் மட்டும் மூணு ஏத்துனேன். அதுக்கப்புறம்தான் ரெண்டாமத்தவரு போனாரு."

"சென்னியப்பன் என்ன சொல்றாரு?"

"மூணு வருசமா எனக்குப் பத்துதான் விழணும்கறாரு. என்ன சொல்ல வர்றாருன்னே எனக்குப் புரியல."

"முதல் நாள் அவரு திறமை எவ்வளவு?"

"ரெண்டு."

"பூட்டுக்கு என்ன எண்?"

"பன்னெண்டு."

"இப்பத் திறமை?"

"பதினொண்ணு."

"பூட்டு?"

"இருபத்தொண்ணு."

"அப்பவும் பத்து விழணும், இப்பவும் பத்து விழணும். வேற பூட்டா?"

"அதே பூட்டுதாங்க. நிலை ஏறுச்சுன்னா அதையும் ஏத்திருவேன். இல்லாட்டி சுலபமாப் போயிருமே."

"கடக்கற ஆறு?"

"ஏத்திட்டேன்."

"காவக்காரன்?"

"அவனையும்."

"ஊர் நாய்?"

கோகிலவாணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாயையும்தாங்க."

"அடேங்கப்பா. பன்னெண்டாம் நிலைக்கு வர்றதுக்கு அந்த நாய் என்ன பாடு பட்டுச்சோ!"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

"நான் என்னதான் பண்ணட்டும், மாஸ்டர்?"

"ஞாயித்துக்கிழமை நானும் ஆட வர்றேன்" என்றார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள அறை; கடையை வேலைக்காரப் பையன் பார்த்துக்கொண்டான். சென்னியப்பன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அன்று அரை மணி நேரம் தாமதமாக வந்து, கடிகாரம் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தார்.

மாஸ்டர் தன் பாத்திரத்தின் காகிதத்தை மேசையில் வைத்தார். மூட்டை தூக்கும் கூலிக்காரன். நிலை ஒன்று. நீச்சலுக்கு எதிரே சைபர்.

"என்னங்க இது? எங்களோட வந்தா முதல் அடியிலேயே செத்துருவானே" என்றார் சென்னியப்பன்.

"பார்க்கலாங்க" என்றார் மாஸ்டர்.

கதை ஆற்றங்கரைக்கு வந்தது. கூலிக்காரன்தான் முதலில் தண்ணீரில் இறங்கினான்.

"எண் என்னங்க்கா?"

"இருபத்தொண்ணு" என்றாள் கோகிலவாணி, பழக்கத்தில்.

"எனக்கு இருபதே விழுந்தாலும் பத்தாது. சரி, செத்தேன்."

மாஸ்டர் காகிதத்தை மடிக்கப் போனார்.

"இருங்க, இருங்க. பன்னெண்டுன்னு வெச்சுக்கலாம்."

மாஸ்டர் உருட்டினார். விழுந்தது ஆறு.

"மூட்டையோட உங்களைத் தண்ணி இழுத்துட்டுப் போகுது. தலை முங்கிருச்சு" என்றாள்.

சென்னியப்பன் முன்னால் நகர்ந்தார்.

"நான் குதிக்கறேன். எனக்கு எவ்வளவு?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். இருபத்தொன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மும்முரமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு" என்றாள்.

"ஏனுங்? எனக்குமா?"

"ஒரே ஆறுதானுங்களே."

சென்னியப்பன் பகடையைக் கையில் எடுத்தார். மனக்கணக்குப் போட்டார்.

"என் திறமை பதினொண்ணு. ஒண்ணு விழுந்தாக்கூட ஆச்சே?"

"ஆமாங்க."

"அப்ப உருட்டவே வேண்டாமா?"

"வேண்டாங்க."

அவர் பகடையைக் கீழே வைத்தார். மூன்று வருடத்தில் அந்த மேசையில் அப்படி நடந்ததில்லை.

"இந்த ஆத்துலதான முதல் வருசம் நான் செத்துப் பொழைச்சேன்?"

"இதே இடந்தாங்க. நீங்க பொழைச்சு வந்து பத்து நிமிசம் பேசவே இல்ல."

"ஆமா, ஆமா." நாற்காலியை விட்டு எழுந்தது அவருக்கே தெரியவில்லை. "இப்ப ஒரு கையில அவன் முடியைப் பிடிக்கறேன். இன்னொரு கையில மூட்டை. நடந்தே கரைக்கு வர்றேன்!"

"வந்துட்டீங்க" என்றாள் கோகிலவாணி.

மற்ற இருவரும் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். கடையில் மருந்து வாங்க வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டக்டர் வேலையில் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆட்டம் ஆறு மணிக்கு முடிந்தது. கோகிலவாணி எல்லாருடைய காகிதத்தையும் தன் பக்கம் இழுத்தாள். பென்சிலை எடுத்தாள்.

"சென்னியப்பன், பதிமூணாம் நிலை போட்டுரட்டுங்களா?"

அது அவர் காதில் விழவில்லை. அவர் மாஸ்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீச்சல் தெரியாதவன் எதுக்குங்க ஆத்துல இறங்கறான்? அறிவு வேண்டாமா?"

"அவனுக்கு யாரும் சொல்லித் தரலைங்களே" என்றார் மாஸ்டர்.

"அடுத்த வாரம் முதல் வேலையா அவனைக் கரைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் சென்னியப்பன். "நான் சொல்லித் தர்றேன்."