கார்புரேட்டரைத் தின்ற சட்டி

எறும்பு ஏர் பூட்ட, யானை விதை தூவ, எல்லா உயிரும் ஒரே பேச்சுப் பேசிய காலமாம் அது. அந்தக் காலத்தில் ஈச்சங்காட்டில் தவசி என்று ஒரு கீரி இருந்தது. தவசியிடம் ஒரு பழைய ஜீப்பும் இருந்தது. கீரிக்கு ஏது ஜீப்பு என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை பாதியில் நின்றுவிடும்.

அந்த வருஷக் கோடை காட்டையே வறுத்தெடுத்தது. குட்டை வற்றி வற்றி, ஓர் எருமை படுக்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. அதற்குள் வெள்ளச்சி என்ற கெண்டை மீனும் அதன் கூட்டமும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"தவசித் தம்பி! இன்னும் நாலு நாளைக்குத்தான் தண்ணி. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்காமே, எங்களைக் கொண்டுபோய் விட்டுருவியா?" என்று கேட்டது வெள்ளச்சி.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க! பீப்பாயில தண்ணியோட ஏத்தி, நாலே நடையில கொண்டுபோய்ச் சேத்துடறேன்!"

சொன்ன வாயை மூடவில்லை, ஜீப்பு மக்கர் பண்ணியது. இருமியது, புகைவிட்டது, நின்றேவிட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் கார்புரேட்டர் முழுக்கக் கருப்புப் பிசுக்கு! காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதுதானே? ஊட்டுகிற வாயே அடைத்துக்கொண்டால் எஞ்சின் எதைத் தின்று ஓடும்?

தவசி அதைக் கழற்றிக் கையில் எடுத்தது. "பார்க்கப் பெரிசு, தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறதே!" என்று நினைத்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. எப்படிக் கழுவுவது என்ற கவலைதான் மனசு பூராவும்.

அந்த நேரம் பார்த்துப் பொம்மக்கா வந்தது. பொம்மக்கா ஒரு காட்டுப்பன்றி. காட்டில் யார் வீட்டு எண்ணெய்ச் சட்டி பிசுபிசுத்தாலும் தேய்த்துக் கொடுப்பது அதுதான்.

"இதுக்கா இப்படி முழிக்கிற? கொஞ்சம் டீசல்ல ஒரு பகல் ஊறப் போடு. பழைய பல்லு தேய்க்கிற பிரஷ் இருக்குல்ல, அதால ஒவ்வொரு ஓட்டையா தேயி. அப்புறம் வெந்நீர்ல சோப்புத்தூளைக் கரைச்சுக் கழுவி, வெயில்ல நல்லாக் காய வச்சிரு. டீசல் இருக்கிற பக்கம் அடுப்பு மட்டும் ஆகாது! மத்தபடி வீட்ல கிடக்கிற சாமானே போதும்."

"ஒரு பகலா!" தவசி குட்டையைத் திரும்பிப் பார்த்தது. "இருக்கறதே நாலு நாள், அக்கா!"

"ஒண்ணு போனா மூணு இருக்கேப்பா!"

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. சடையன் நரி! கையில் ஓர் இலைப் பொட்டலம்.

"சட்டி கழுவுறவங்ககிட்டப் போய் எஞ்சினுக்கு யோசனை கேக்குறியே, மாப்ளே! இங்க பாரு. சோப்புக் காய்ச்சுறவங்க போடுற காஸ்டிக் சோடா. ஒரு கொத்து நாவற்பழம் குடு, பொட்டலத்தையே வச்சுக்கோ. ஒரு பகல் எதுக்கு? ஒரு தூக்கம் போட்டு எந்திரி, பளபளன்னு இருக்கும்!"

"நிசமாவா?"

"நீயே பாத்துக்க!"

நரி ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, வெள்ளைச் செதில்களைப் போட்டது. சட்டி தானாகவே சுட்டது! ஜீப்புச் சக்கரத்தின் நட்டு ஒன்றைக் குச்சியால் உள்ளே தள்ளியது. எத்தனையோ வருஷத்து மசகு, தோல் உரிகிற மாதிரி உரிந்து மிதந்தது. வெளியே எடுத்தால் நட்டில் முகம் பார்க்கலாம்!

"அம்மாடி!" என்று தவசி குதித்தது.

"ஏலே தவசி," என்றது பொம்மக்கா மெதுவாக. "நட்டு ஒரு சாமான், இது ஒரு சாமான். ரெண்டும் ஒண்ணான்னு முதல்ல பாரு."

"அழுக்கு ஒண்ணுதானே, அக்கா! அந்தப் பிசுக்குதானே இதுலயும் இருக்கு?"

தவசி நாவற்பழத்தைக் கொடுத்தது. கார்புரேட்டரைச் சட்டிக்குள் போட்டது. ஜீப்பு நிழலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டது.

புஸ்ஸ்ஸ்!

பாம்புதான் வந்துவிட்டது என்று துள்ளி எழுந்தது கீரி. பாம்பு இல்லை. சட்டி! சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, ஆனாலும் நுரை பொங்கிப் பொங்கி வழிந்தது. மூக்கை அறுக்கிற ஆவி எழுந்தது. தண்ணீர் கரிக் கருப்பாகிவிட்டது.

தவசி குச்சியை விட்டுத் துழாவியது. தூக்கிப் பார்த்தது.

கார்புரேட்டரைக் காணோம்! குச்சியில் தொங்கியது வேறென்னவோ. கரையான் அரித்த கட்டை மாதிரி ஒரு கருப்புத் துண்டு. சுவரெல்லாம் தாளாக மெலிந்து, இருந்த ஓட்டைகள் போதாதென்று புதிதாகப் பத்து ஓட்டைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை உதிர்ந்து சட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ! ஐயய்யோ!" தன்னை மறந்த தவசி, அந்த மூலையை எடுக்கச் சட்டிக்குள் கையையே விட்டுவிட்டது!

போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. பொம்மக்கா ஓடிவந்து அதைப் பிடித்து அப்பால் இழுத்தது.

"தண்ணி ஊத்தணும்! நிறுத்தாம ஊத்தணும்! இல்லேன்னா தோலை அரிச்சுக்கிட்டே போகும்!"

தண்ணீர்! காட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது? கூச்சல் கேட்டு ஓடிவந்த எல்லாரும் குட்டையைப் பார்த்தார்கள். யாருக்கும் கால் நகரவில்லை.

"எதுக்கு நிக்கிறீங்க?" குட்டைக்குள்ளிருந்து வெள்ளச்சி கத்தியது. "மொண்டு ஊத்துங்க!"

"வெள்ளச்சி, இது உங்க உசுரு..." என்று இழுத்தது பொம்மக்கா.

"அவன் கை மட்டும் யாரோடது? ஊத்து பொம்மி!"

பொம்மக்கா மொண்டு மொண்டு ஊற்றியது. எத்தனை குடம் என்று யாரும் பார்க்கவில்லை. கீரியின் கை பிழைத்தது. ஆனால் குட்டை ஒரு சாண் இறங்கிப்போனது. ஓரத்தில் இருந்த மீன்கள் நடுவுக்கு நெருக்கிக்கொண்டு போனதைத் தவசி தன் கண்ணாலேயே பார்த்தது.

வந்தவர்களில் மூக்கன் என்ற எருமை, நாவற்பழம் தின்றுகொண்டிருந்த நரியின் பக்கம் திரும்பிக் கொம்பை ஆட்டியது. "ஏண்டா, ஏமாத்துறியா?"

"நானா? நான் இரும்பை இரும்புன்னு காட்டுனேன். இரும்பு வெளுத்துச்சா இல்லையா? கார்புரேட்டரு அலுமினியம். அலுமினியத்தை இது அரிசி மாதிரித் தின்னும். இதுவும் இரும்புதானான்னு மாப்ளே என்னைக் கேக்கவே இல்லையே!"

பொய் சொல்லியிருந்தால் முட்டியாவது தள்ளலாம். நரி சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை! நாவற்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு அது தன் வழியே போனது.

"தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தானே, பாவி!" என்றது மூக்கன்.

"அவனை அப்புறம் திட்டலாம்," என்றது பொம்மக்கா. "குடத்தை எடுங்க!"

ஜீப்பில் நாலு நடையில் முடிய வேண்டிய வேலை, கால்நடையானது. மூக்கன் முதுகின் இரு பக்கமும் குடம் கட்டினார்கள். பொம்மக்கா கழுத்தில் ஒரு குடம். தவசி கட்டுப்போட்ட கையோடு சின்னச் செம்பு ஒன்றைத் தூக்கியது. மேடு ஏறி இறங்கி ஏரிக்குப் போய்த் திரும்ப அரைநாள் ஆனது. குஞ்சுகளை முதலில் கொண்டுபோனார்கள். குடத்துக்கு ஒரு குடம் குட்டை இறங்கியது. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது அங்கே சேறுதான் மிச்சம். சேற்றில் துடித்தவர்களில் பாதிப்பேர்தான் கடைசி நடையில் ஏறினார்கள். மிச்சப்பேருக்குக் குடத்தில் இடமில்லை; இன்னொரு நடை போய்வரும்வரை சேற்றில் உயிர் தாங்காது.

கடைசிச் செம்பில் வெள்ளச்சி வந்தது. தவசி அதை ஏரியில் இறக்கியது.

"அக்கா... எத்தனை பேர் அங்கேயே..."

"எண்ணாதே தம்பி. எண்ணினா உனக்கும் தாங்காது, எனக்கும் தாங்காது."

தவசி காலிச் செம்பைக் கரையில் வைத்துவிட்டுக் கைக்கட்டை அவிழ்த்தது.

"கை எரியுதா?"

"எரியுதுக்கா."

"தண்ணியில வை."

வைத்தது. வெள்ளச்சி கொஞ்ச நேரம் அந்தக் கையருகே நின்றது. பிறகு திரும்பிப் பார்க்காமல் ஆழத்துக்குப் போய்விட்டது. மூக்கன் மேட்டில் ஏறியது. பொம்மக்கா காலிக் குடங்களோடு பின்னால் நடந்தது. வெகுநேரம் கழித்துத் தவசியும் எழுந்து, ஈரக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தனியாக நடந்து போனது.

அழுக்கை மட்டும் பார்த்து மருந்து தேடாதே. அழுக்குக்கு அடியில் இருப்பது எது என்று அறிந்த பிறகே கை வை.