இதாயத்துல்லா சாரின் தண்ணீர்த் தொட்டி

முடிவில் கேட்பவர்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்கும் கதை இது. ஆகவே யார் எதைச் சொன்னார்கள், எந்த இடத்தில் சொல்லாமல் விட்டார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு இரண்டு ஆசிரியர்கள். மூத்தவர் இதாயத்துல்லா. இளையவள் வேதநாயகி. இதாயத்துல்லாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பேச்சுத் திரும்ப மாதக்கணக்காகும் என்றார்கள். அறுவைக்கு முன்பே அவர் தம் ஏழாம் வகுப்புப் பாடங்களைச் சொந்தக் குரலில் ஃபோனில் பதிந்து வேதநாயகிக்கு அனுப்பிவைத்தார். "பிள்ளைங்க பாடம் நிக்கக் கூடாதும்மா. நீ எப்படி வேணும்னாலும் பயன்படுத்திக்கோ" என்றார்.

தன் வகுப்புகளோடு அவருடையதும் தலையில் விழுந்ததில் வேதநாயகி திணறிப்போனாள். ஒரு சனிக்கிழமை அந்தப் பதிவுகளை ஏஐ செயலி ஒன்றில் ஏற்றி, "இதைப் படங்களோடு பயிற்சிப் புத்தகமாக்கிக் கொடு" என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் வண்ண வண்ணமாக ஒரு புத்தகம் வந்து நின்றது. கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் ஏன் கூட்டல் எண் வருகிறது என்பதற்கு அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலிருந்து தண்ணீர் வடிகிறது, அது கழித்தல். அந்த வீடியோவைப் பின்னோக்கி ஓட்டுகிறோம், அதுவும் கழித்தல். இப்போது தொட்டி நிறைகிறது. படம் செயலி வரைந்தது. தொட்டி இதாயத்துல்லாவுடையது.

கணக்கென்றாலே அழுத பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கையைவிட்டு இறக்கவில்லை. தலைமையாசிரியை பிலோமினா அதை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப, முதல் பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு விழாவில் மாவட்டக் கல்வி அதிகாரி ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, "இவ்வளவு அழகா எப்படிம்மா செஞ்சீங்க?" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யலை சார். எல்லாம் ஏஐ செஞ்சது."

அரங்கம் கைதட்டியது. அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாருங்க, எவ்வளவு நேர்மையா ஒத்துக்கிறாங்க. இந்தத் தொட்டி உதாரணம் எந்த வாத்தியாருக்குங்க தோணும்? மெஷினுக்குத்தான் தோணும். அடுத்த மாசம் இந்தப் பாடம் மாவட்டம் முழுக்கப் போகும்" என்றார்.

கழுத்தில் கட்டோடு இதாயத்துல்லா கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். வேதநாயகி அவரைப் பார்த்தாள். ஒலிவாங்கி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. 'நேர்மை' என்று அத்தனை பேர் முன்னால் புகழ்ந்த பிறகு, 'இல்லை, பாதியைத்தான் சொன்னேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தாள். பரிசுக் கேடயத்தைப் பீரோவுக்குள் துணிக்கடியில் வைத்தாள். அங்கே இருக்கிறது என்ற நினைப்பே முகத்தைச் சுட்டது. மறுநாள் காலை இதாயத்துல்லா வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்றபடி, "சார், நான் உங்க பேரைச் சொல்லியிருக்கணும். இப்பவே அதிகாரியைப் பார்த்துச் சொல்லிடுறேன்" என்றாள்.

அவர் அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பேச முடியாததால் ஃபோனில் தட்டிக் காட்டினார்: "வேண்டாம்மா. இப்பப் போய்க் கிளப்பினா பஞ்சாயத்துன்னு பாடத்தையே தூக்கி ஓரமா வச்சிருவாங்க. பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரட்டும். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தாள். கொடுக்கும்போது நெஞ்சில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு இன்னும் கூசியது.

சில வாரங்கள் கழித்து, கரகரத்த குரலோடு இதாயத்துல்லா வேலைக்குத் திரும்பினார். ஆசிரியர் அறையில் எல்லாரும் இருக்கும்போது பிலோமினா அந்தப் புத்தகத்தைப் புரட்டியபடி, "சார், போன வருஷம் உங்க வகுப்பைப் பார்க்க வந்தப்ப இதே தொட்டியைக் கேட்ட ஞாபகம். இது உங்களோடதா?" என்றார்.

"இல்லைங்க" என்றார் இதாயத்துல்லா. "நான் ஏதோ வேற உதாரணம் சொல்லியிருப்பேன்."

பிலோமினா வேதநாயகி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர்."

உண்மையைச் சொன்னால் வாக்குத் தவறும். அதோடு, தனக்காகப் பொய் சொன்ன பெரியவரை எல்லார் முன்னாலும் பொய்யராக்குவதும் ஆகும். சொல்லாவிட்டால் திருட்டு நிலைத்துவிடும். வேதநாயகி எழுந்து நின்றாள்.

"சாரோடதுதான் மேடம். சொன்ன விதம், உதாரணம், எல்லாமே சாரோடது. ஏஐ அதை அடுக்கிப் படம் போட்டுச்சு. மேடையில சாரைப் பார்த்துக்கிட்டே நான் அவர் பேரை விட்டுட்டேன்."

இதாயத்துல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

பிள்ளைகளுக்காகத் தம் உழைப்பையே மறுத்த இதாயத்துல்லா, வாக்கை மீறி அவரையும் தலைகுனிய வைத்து உண்மை சொன்ன வேதநாயகி. இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: வேதநாயகி செய்ததே சரி. தனக்கு வர வேண்டிய புகழை வேண்டாமென்று தள்ள இதாயத்துல்லாவுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவளுக்கு உரியதாக்கவோ, ஓர் இயந்திரத்துக்கு உரியதாக்கவோ அவருக்கு உரிமை இல்லை. அது பெருந்தன்மையிலிருந்து வந்தாலும் பொய்தான். அவள் கொடுத்த வாக்கோ அவளுடைய குற்றத்தையே மூடிக் காத்தது. அப்படிப்பட்ட வாக்கை மீறினால் இழப்பு அவளுக்கே. அவர் குனிந்த தலைக்குக் காரணம் அன்று அவள் பேசியது அல்ல, மேடையில் பேசாமல் விட்டது. அதனால் அவள் செய்தது சரியே தவிர, பாராட்டுக்கு உரியதல்ல. அது அவளுக்கும் தெரியும். பாடம் ஒரு மாதம் தாமதமாக, இதாயத்துல்லாவின் பெயரோடு பள்ளிகளுக்குப் போனது. அவர் அவளோடு பழையபடிதான் பேசினார். அவளால்தான் வெகுநாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.