டாக்டர் பெயரில் போன ரத்தம்

மூன்று பேர், ஒரு கடவுச்சொல், ஒரு பை ரத்தம். கதை இவ்வளவுதான். தீர்ப்பும் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்போடு எனக்குத் தீராத சண்டை இருக்கிறது. அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ரத்த வங்கிக்குப் பொறுப்பு டாக்டர் ஆடலரசன். அவருடைய கணக்கில் நுழைந்து அனுமதி கொடுத்தால்தான் கணினி சீட்டு அச்சடிக்கும். சீட்டு ஒட்டாத ரத்தப் பையை எந்த வார்டிலும் ஏற்ற மாட்டார்கள். அந்த உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

ஆனால் டாக்டர் மதியத்தோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் சொந்தக் கிளினிக்குக் கிளம்பிவிடுவார். ரத்தம் தேவைப்படுகிறவர்களும் மதியத்தோடு நின்றுவிடுவார்களா என்ன? ஆகவே லேப் டெக்னீஷியன் பிலோமினாவிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவைத்தார்.

"பொருத்தம் பாக்கறது நீ. பட்டனையும் நீயே அமுக்கிடும்மா. சும்மா சும்மா எனக்குப் போன் போடாதே."

பிலோமினாவுக்கு இது உறுத்தியது. கணினிப் பிரிவில் இருக்கும் முகைதீனிடம் போய்த் தன் பெயரிலேயே ஒரு கணக்குக் கேட்டார்.

"டாக்டர் சொல்லட்டும்க்கா. அஞ்சு நிமிஷ வேலை."

டாக்டர் சிரித்தார். "உனக்குத் தனியா எதுக்கு? நாளைக்கு என் நாற்காலியையும் கேப்ப போல!"

சில மாதம் கழித்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. முகைதீன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். டாக்டரும் போட்டார், பிலோமினாவும் போட்டார். டாக்டர் கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாலை நேரத்து ரத்தமும் நிற்கவில்லை. எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவுமில்லை.

ஒருநாள் டாக்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலைக்குப் போனார். மாற்று டாக்டர் என்று யாரையும் போடவில்லை. அன்றைக்குப் பூங்கோதை என்ற பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பிலோமினா பொருத்தம் பார்த்து, பையைத் தயாராக எடுத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டார். அதே பதில்.

முகைதீனிடம் ஓடினார். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஓர் அவசரக் கணக்கு உண்டு. அதன் கடவுச்சொல் அரக்கு வைத்த உறையில் அவருடைய பீரோவில் இருந்தது.

"கவரைப் பிரி தம்பி."

"டாக்டர் ஒரு வார்த்தை சொல்லாமப் பிரிக்கக் கூடாதுக்கா. ரூல்."

"அவர் கிடைச்சா நான் ஏன் உன்கிட்ட வந்து நிக்கிறேன்?"

"என் வேலை போயிடும்க்கா."

"உன் வேலையா? அங்க போய்ப் பாரு, அந்தப் பொண்ணு புருஷன் பை வருதா வருதான்னு வழியையே பாத்துட்டு நிக்கிறான்."

முகைதீன் அசையவில்லை. பிலோமினா திரும்பிப் போனார். டாக்டர் பெயரில் நுழைந்து பட்டனை அழுத்தினார். பூங்கோதை பிழைத்துக்கொண்டார்.

வருடாந்திரத் தணிக்கையில் விஷயம் வெளியே வந்தது. மலையில் இருந்த டாக்டர் இங்கே எப்படி அனுமதி கொடுத்தார்? விசாரணை வைத்தார்கள்.

"உத்தரவு வந்த அன்னிக்கே, இனிமே என் கணக்கைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். என் பேரைத் திருடியிருக்காங்க" என்றார் டாக்டர்.

"நான் ரூலை விட்டு ஒரு இஞ்ச் நகரல சார்" என்றார் முகைதீன்.

"அவர் அப்படிச் சொல்லவே இல்ல. அமுக்கினது நான்தான். அமுக்கலேன்னா அந்தப் பொண்ணு இன்னிக்கு இல்ல" என்றார் பிலோமினா.

பிலோமினாவை வேலையை விட்டு நீக்கினார்கள். உத்தரவில் எழுதிய காரணம், மோசடி. அந்த ஒரு சொல் இருக்கும்வரை வேறு எந்த லேப்பிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்த டாக்டர், உறையைப் பிரிக்காத முகைதீன், பட்டனை அழுத்திய பிலோமினா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் தடுத்தேன் என்றது பொய். தடுத்திருந்தால், அவர் கிளம்பிப் போன பிறகும் மாலைதோறும் அவர் பெயரில் ரத்தம் போனது எப்படி? ஒருநாளாவது கேட்டாரா? முகைதீன் பொய் சொல்லவில்லை. ஆனால் கிடைக்காத ஆள் வந்து சம்மதித்தால்தான் திறக்கலாம் என்றால், அதற்கு எதற்கு அவசரக் கணக்கு என்று ஒரு பெயர்? இந்தக் கேள்வியை அந்த உறையை வாங்கிப் பீரோவில் வைத்த அன்றே அவர் கேட்டிருக்க வேண்டும். சரியாகச் செய்தவர் பிலோமினா. அதுவும் அந்த ஒரு நாள் மட்டும். அன்றுதான் மற்ற எல்லா வழியும் அடைபட்டிருந்தது. மற்ற மாலைகளில் டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். உறுத்திய பிறகும் அவர் பெயரில் அழுத்திக்கொண்டிருந்தது தப்புதான், நான் இல்லையென்று வாதாட வரவில்லை. ஆக, தப்பான அத்தனை மாலைகளையும் விட்டுவிட்டு, சரியான ஒரே நாளுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். தெரியாமல் இல்லை. அந்த மாலைகளைத் தொட்டிருந்தால், உத்தரவில் முதலில் எழுத வேண்டிய பெயர் பிலோமினா அல்ல.