பூரணத்தம்மாள் கேட்ட கேள்வி

ஆசிரமத்துக் கொல்லையில் சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மணவாளன் விறுவிறுவென்று வந்து எதிரில் நின்றான். பதினைந்து வருஷச் சீடன். சென்னையில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான்.

"அம்மாவை ஏமாத்திட்டாங்க சாமி."

"முதல்ல செருப்பைக் கழட்டு."

கழற்றிவிட்டு வந்து சொன்னான்.

அம்மா பூரணம் திருநெல்வேலியில் தனியாக இருக்கிறாள். புது நம்பரிலிருந்து ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். பழைய போன் உடைஞ்சுபோச்சும்மா, இனிமே இதுதான் என் நம்பர் என்றிருக்கிறான். அச்சு அசல் மணவாளனின் குரல். கம்ப்யூட்டரில் அப்படிச் செய்ய முடிகிறதாம். நாலு நாள் தினமும் பேசினான். சாப்பாடு, தூக்கம், உடம்பு என்று விசாரித்தான். ஐந்தாம் நாள் விபத்து, ஆஸ்பத்திரி, உடனே பணம் வேண்டும் என்று அழுதான். இருந்த சேமிப்பை எல்லாம் அனுப்பிவிட்டாள்.

"முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ சாமி. ஹலோன்னாலே ஆளைச் சொல்லிடுவா."

"அதனாலதான் மாட்டினா. காது மந்தமா இருந்திருந்தா தப்பிச்சிருப்பா. போலீஸ்ல சொன்னியா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். திரும்பக் கிடைக்கிறது சந்தேகமாம்."

"அவளைத் திட்டினியா?"

மணவாளன் தலையைத் திருப்பிக்கொண்டான். "கொஞ்சம்."

"ம்."

"இனிமே எப்படிக் காப்பாத்துறது சாமி?"

"காதை நம்ப வேண்டாம்னு சொல்லு. யார் பேசினாலும், நீயே பேசினாலும், ஒரு கேள்வி கேட்கட்டும். சரியான பதில் வரலைன்னா வெச்சுடட்டும்."

"என் பிறந்த தேதியைக் கேட்கச் சொல்லவா?"

"அது ஜெராக்ஸ் கடைக்காரனுக்கே தெரியும்."

"நான் படிச்ச பள்ளிக்கூடம்?"

"நீயே ஃபேஸ்புக்ல போட்டு வெச்சிருப்பே."

"அப்போ என்ன கேள்விதான் கேட்கிறது?"

"அதை அவ பார்த்துப்பா. நீ தலையிடாதே."

அடுத்த மாதம்வரை மணவாளனால் பொறுக்க முடியவில்லை. பத்தே நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"அம்மா என்கிட்ட பேசமாட்டேங்கிறா சாமி. எல்லாம் அந்தக் கேள்வியாலதான்."

"என்ன கேட்டா?"

"'வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். என் மகன்கிட்ட மூணு தடவை சொல்லியிருக்கேன். எந்தக் கண்ணு, சொல்லு'ன்னா."

"சொன்னியா?"

"வலதுன்னேன். பட்டுனு வெச்சுட்டா. உடனே கூப்பிட்டு இடதுன்னேன். 'என் மகன் கண்ணை மாத்தி மாத்திச் சொல்லமாட்டான்'னு வெச்சுட்டா. அப்புறம் எடுக்கவே இல்லை."

"மூணு தடவை சொன்னாளா?"

"சொல்லியிருப்பா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே ம், ம்னு சொல்லிக்கிட்டிருப்பேன். நாளை மறுநாள் ஆபரேஷன் சாமி. கூட யாருமில்லை."

"ஊருக்குப் போறதுதானே?"

"லீவு கிடைக்கலை."

"இங்கே வர மட்டும் கிடைச்சுதா?"

சாமி மொச்சை உரித்துக்கொண்டே இருந்தார். காற்றில் மொச்சைத் தோல்கள் அவன் காலடிக்கு வந்தன. மணவாளன் அவற்றை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"ராத்திரி பஸ்ஸுக்குப் போறேன் சாமி. என் முகத்தைப் பார்த்தா நம்பிடுவா."

"கண்ணு மங்கினவ உன் முகத்தை எப்படிப் பார்ப்பா? காதை நம்பாதேன்னு நாமதான் சொன்னோம். வாசல்ல நிக்க வெச்சு அதே கேள்வியைத்தான் கேட்பா."

மணவாளனின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் என்ன சாமி பதில் சொல்லுவேன்? எந்தக் கண்ணுன்னு யாரைப் போய்க் கேட்பேன்?"

சாமி கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தார்.

"நாலு நாள் உன் குரல்ல அவகிட்ட பேசினானே ஒருத்தன், அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."