நீர்தான் காரணம்

கொற்றங்குடி மன்னர் செங்கோடப் பூபதிக்குக் கல்லடைப்பு வந்தது. வலி என்றால் அப்படியொரு வலி. சிம்மாசனத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அரண்மனை வைத்தியர் தையல்நாயகி அம்மாள் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மன்னரும் குடித்தார். ஒரு நாள் காலையில் கல் விழுந்தது. வலி போயே போய்விட்டது.

மன்னருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தான் பெற்ற இன்பம் ஊரும் பெற வேண்டாமா? உடனே ஆணை பிறந்தது.

“நாழிகைக்கு ஒருமுறை அரண்மனை மணி அடிக்கும். அடித்தவுடன் எல்லோரும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீரைப் பழித்துப் பேசுகிறவன், ஓர் அண்டாத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும்!”

அரசவைக் கவிராயர் வாஞ்சியப்பருக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அமைச்சர் வரி பற்றிப் பேச எழுவார். “நம் நாட்டின் வரியானது...” என்பார். அவ்வளவுதான், வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவார். வழக்குச் சொல்ல வந்தவன் ஒரு பக்கம் ஓடுவான், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மறுபக்கம் ஓடுவார். அயல்நாட்டுத் தூதர் வந்தபோது அவரை வரவேற்க வாஞ்சியப்பர் ஒருவர்தான் மிஞ்சினார். அவரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டுதான் நின்றார்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை.

மன்னரின் செல்ல மல்லன் மாடப்பன். யானையைக் கட்டும் சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்டால் எடுப்பவன். ‘எல்லோரும் ஒரு சொம்பு குடித்தால் நான் ஒரு குடம் குடிப்பேன்’ என்று ராஜவிசுவாசத்தைக் குடத்தில் காட்டினான். மதியத்துக்குள் தலையைப் பிடித்துக்கொண்டான். வாந்தி எடுத்தான். பெண்டாட்டியைப் பார்த்து, “நீ யாரம்மா?” என்று கேட்டான். பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுக்க, மரம்போலச் சாய்ந்தான்.

செய்தி கேட்டு வாஞ்சியப்பர் மாடப்பன் வீட்டுக்கு ஓடினார். தையல்நாயகி அம்மாள் மாடப்பனின் நாடியைப் பிடித்தபடி இருந்தார்.

“என்னம்மா ஆயிற்று?”

“ரசத்தில் குடம் தண்ணீரை ஊற்றினால் உப்பு என்னவாகும்? நீர்த்துப்போகும். இவன் உடம்பிலும் அதேதான். தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. மருந்தும் கொடுத்திருக்கிறேன். பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மணி அடித்துக்கொண்டே இருந்தால் நாளைக்கு இன்னும் எத்தனை பேரோ!”

“மன்னரிடம் சொல்லுங்களேன்.”

“சொன்னால் அண்டா. நான் படுத்துவிட்டால் இவனை யார் பார்ப்பது?”

மாடப்பனின் மனைவி அழுதாள். வாஞ்சியப்பருக்கு மனம் பொறுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு நடந்தார்.

சபையில் மன்னர் கொதித்துக்கொண்டிருந்தார். “என் மாடப்பனுக்கு யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்! அவனை இந்த நிலைக்கு ஆளாக்கியது எதுவானாலும், யாரானாலும், இன்றே நாடு கடத்துவேன். இது என் குலதெய்வத்தின் மேல் ஆணை! யார் காரணம்? தெரிந்தவர் சொல்லுங்கள்!”

வாஞ்சியப்பர் முன்னால் வந்து கும்பிட்டார்.

“நீர்தான், அரசே.”

சபை உறைந்தது. மன்னரைத் ‘தாங்கள்’ என்றுகூடச் சொல்லாமல் ‘நீர்’ என்கிறாரே! அமைச்சர் ஓட எழுந்தவர், ஓடவும் மறந்து நின்றார்.

“என்னையா சொன்னீர்?” மன்னரின் மீசை துடித்தது.

“அதைத்தான் அரசே, நானும் யோசிக்கிறேன். தண்ணீரைச் சொன்னேன் என்றால் அண்டா. மாடப்பனுக்குப் பக்கத்திலேயே எனக்கும் பாய் போட்டுவிடுவார்கள். தங்களைச் சொன்னேன் என்றால் தலை போய்விடும். ஆனால் காரணமானவரை நாடு கடத்துவதாகத் தாங்கள் ஆணையிட்டாகிவிட்டது. தண்ணீரை நாடு கடத்தினால் குடிமக்கள் சாவார்கள். தங்களைக் கடத்தினால் சிம்மாசனம் காலி. நான் சொன்ன ‘நீர்’ எது என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.”

மன்னர் தணிந்த குரலில் கேட்டார். “என்னைக் காப்பாற்றிய தண்ணீர் அவனை எப்படி ஐயா கெடுக்கும்?”

“அடித்துத் தள்ளத் தங்களிடம் கல் இருந்தது, அரசே. மாடப்பனிடம் இருந்தது உப்புதான்.”

சரியாக அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. சபையினர் எல்லோரும் சொம்பைத் தூக்கினார்கள்.

“வையுங்கள் கீழே!” என்று கத்தினார் மன்னர். “காரணம் தண்ணீர் இல்லை. நான்தான். ஆனால் நான் போனால் நாட்டை யார் பார்ப்பது? தாகம் இல்லாதவனையும் குடிக்க வைத்தது அந்த மணி. எனக்குப் பதிலாக அதைக் கழற்றி எல்லைக்கு வெளியே வீசுங்கள். இனி தாகம் எடுத்தவர் குடிக்கட்டும்!”

அன்று மாலை மாடப்பன் கண் திறந்து, பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைத்தான் என்று செய்தி வந்தது. மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார், கொஞ்சம் அழவும் செய்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வாஞ்சியப்பருக்குப் போர்த்தினார்.

“கவிராயரே, நீர் இல்லாவிட்டால் இந்த நாடு என்ன ஆகியிருக்கும்!”

“வறண்டுபோயிருக்கும், அரசே.”