வரதப்பனின் பலாப்பழக் கணக்கு

பலாமலைக் காட்டில் வரதப்பன் என்றோர் உடும்பு இருந்தான். சப்ளை செயின் மேலாண்மையில் மூன்றாம் ஆண்டுப் பட்டப்படிப்பு. வகுப்பில் அவன்தான் முதல் மதிப்பெண். அதை யாரும் கேட்காமலே அவன் சொல்லிவிடுவான்.

அது என்ன படிப்பு என்கிறீர்களா? மலைமேல் விளைவதைக் கீழே பசித்திருப்பவர் வாய்க்குக் கெடாமல், குறையாமல், மிஞ்சாமல் கொண்டுவந்து சேர்க்கும் படிப்பு. எறும்புகள் இதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்துவிடுகின்றன. மற்றவர்களுக்கு மூன்று வருடமும் ஆறு செமஸ்டரும் ஆகின்றன.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கிலி அமைத்து, ஒரு மாதம் முழுக்கக் குளத்தங்கரைக்குப் பலாப்பழம் கொண்டுவந்து தர வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான். கடைசி நாள் பொழுது சாயும்போது பத்துப் பழத்துக்கு மேல் மீந்து கிடந்தால் நாலு பேரும் ஃபெயில். ஃபெயில் என்றால் மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து. போன வருடம் முட்டையிலிருந்து வந்த பொடிசுகளோடு முதல் பெஞ்சில் உட்காருவதை நினைத்தாலே வரதப்பனுக்கு வால் நுனிவரை நடுங்கியது.

ஆகவே சங்கிலியை அவனே வகுத்தான். மலை உச்சியில் பழம் பறிப்பது கரடி தொந்தியப்பன். அவருக்கு ஏழு வருட அரியர், ஆனால் மரம் ஏறத் தெரியும். அவருக்குக் கீழே பாறை வளைவில் மந்தி மாரிக்கண்ணு. அவளுக்குக் கீழே, மலையின் நடுவில், வரதப்பன். குளத்தங்கரையில் கடை போட்டு உட்கார்ந்தது முயல் பவுனு. கீழிருந்து எண்ணிக்கை மேலே போகும். பறித்த பழம் உச்சிப் பாறையில் ஓரிரு நாள் கிடந்து பழுத்து, அப்புறம் உருண்டு கீழே வரும்.

"ஒரே ஒரு சட்டம்," என்றான் வரதப்பன். "ஒவ்வொருத்தரும் தனக்கு மேல இருக்கிறவர்கிட்ட மட்டும்தான் பேசணும். எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லணும். ஏன், எதுக்குன்னு கதை பேசக் கூடாது."

"பசிக்குதுன்னு சொல்லலாமா தம்பி?" என்றார் கரடி.

"எத்தனை தடவை பசிக்குதுன்னு சொல்லுங்கண்ணே. அது எண்ணிக்கை."

மூன்று வாரம் எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. தினம் நாலு பழம் கேட்டார்கள், தினம் நாலு பழம் வந்தது. அவசரத்துக்கென்று பவுனு இன்னும் நாலைக் கடையின் பின்னால் வைத்திருந்தாள். தேர்வாளர் நாரை ஆராவமுதன் குளத்தில் ஒற்றைக் காலில் நின்று தாமரை இலையில் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். வரதப்பன் பாறையில் மல்லாந்து படுத்து, பட்டமளிப்பு விழாவில் எந்தப் பக்கமாக வாலை வைத்துக்கொண்டு நிற்பது என்று யோசித்தான்.

நாலாவது வாரம், மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஒரு காலையில் நீர்க்கோழி பூவாத்தா கடைக்கு வந்தாள்.

"இன்னிக்கு எட்டுப் பழம் குடு பவுனு."

எதற்கு என்று கேட்கப் பவுனுக்கு நாக்கு துறுதுறுத்தது. சட்டம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கடை துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. முயலுக்குப் பயம் கூடப்பிறந்தது அல்லவா? நேற்று நாலு, இன்றைக்கு எட்டு, நாளைக்குப் பதினாறு கேட்டால் என்ன செய்வது என்று அவள் காது இரண்டும் நட்டுக்கொண்டன.

"பதினாறு," என்று மேலே சொல்லி அனுப்பினாள்.

வரதப்பன் எழுந்து உட்கார்ந்தான். நாலு பதினாறானால் நாலு மடங்கு. வாலால் மணலில் ஒரு கோடு போட்டான். கோடு செங்குத்தாக ஏறியது. அவனுக்கு ஒரே குஷி. மூன்று வருடம் படித்த படிப்பு இன்றைக்குத்தான் பிரயோஜனப்படுகிறது என்று நினைத்துக்கொண்டான். கையிருப்புக்குக் கொஞ்சம், எதிர்பாராததற்குக் கொஞ்சம், எதிர்பார்த்தும் மறந்துபோனதற்குக் கொஞ்சம் என்று சேர்த்து, "நாப்பது," என்றான்.

மாரிக்கண்ணு தலையைச் சொறிந்தாள். "ஃபர்ஸ்ட் மார்க் வாங்குறவன் சும்மா நாப்பது கேப்பானா? அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. நாளைக்குப் பழம் போதலைன்னா பழி நம்ம தலையிலதான் விழும்." இப்படித் தனக்குத்தானே பேசிவிட்டு மேலே பார்த்து, "நூறு," என்று கூவினாள்.

கரடிக்கு விரல்கள் தீர்ந்துபோயின. நூறு என்றால் எவ்வளவு என்று அவர் யாரைக் கேட்பார்? கேட்கத்தான் கூடாதே. எண்ணத் தெரியாத இடத்தில் எல்லாவற்றையும் பறித்துவிடுவது கரடி வழக்கம். "காட்டுல யாருக்கோ கல்யாணம் போல," என்று மகிழ்ந்து, உச்சியில் இருந்த அத்தனை மரத்தையும் மொட்டையடித்தார்.

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். கைப்பிடி இம்மி அசைந்தால் போதும், நுனி எட்டு முழம் வீசும். போன செமஸ்டரில் இதைப் பற்றி வரதப்பன் பன்னிரண்டு பக்கம் எழுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தான். அந்தச் சாட்டையின் நடுவில் தானே உட்கார்ந்திருப்பது மட்டும் அந்தப் படிப்பாளிக்குத் தெரியவில்லை.

பறித்துப் பழுக்க வைத்து முடிக்கக் கரடிக்கு மாதக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று காலை மலைமேல் கடகடவென்று சத்தம். மழை வருகிறதென்று மயில்கள் தோகையை விரித்தன. வந்தது மழையல்ல.

பலாப்பழம்! குண்டும் குழியுமாக, முள்ளும் மூக்குமாக, ஒன்றின்மேல் ஒன்று துள்ளிக்கொண்டு இருநூறு பழம் மலையிலிருந்து இறங்கியது. ஒரு பழத்தின் மேல் மாரிக்கண்ணு குதிரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வரதப்பன் பாறையை உடும்புப் பிடியாகப் பிடித்தான். அவன் பிடி விடவில்லை, பாறைதான் விட்டுவிட்டது. பாறையோடு சேர்ந்து அவனும் உருண்டான். பவுனுவின் கடை குளத்துக்குள் போனது. கடைசியாகத் தொந்தியப்பன், வயிற்றால் சறுக்கிக்கொண்டு, "எல்லாம் சரியா வந்து சேர்ந்துச்சா தம்பி?" என்று கேட்டபடியே வந்து சேர்ந்தார்.

பாதிப் பழம் வெடித்துப் பிசின் கொட்டியது. மயிலோடு மயில் ஒட்டிக்கொண்டது. ஆமைமேல் தவளை ஒட்டிக்கொண்டது. தேர்வாளர் ஆராவமுதன், "என்ன இதெல்லாம்," என்று கேட்பதற்குள் ஒரு முழுப்பழம் வந்து அவர் அலகில் செருகிக்கொண்டது. அவர் பேச்சு நின்றது. கண் மட்டும் வரதப்பனையே பார்த்தது.

"யாரு இத்தனை கேட்டது?" என்று வரதப்பன் பவுனுவிடம் பாய்ந்தான்.

"நான் பதினாறுதான் கேட்டேன்."

"நான் நூறுதான் சொன்னேன்," என்றாள் மாரிக்கண்ணு. "அதுவும் நீ நாப்பது கேட்டதால."

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. எண்ணிக்கை மட்டும்தான் சொன்னாங்க," என்றார் கரடி.

பதினாறை நாற்பதாக்கியது வரதப்பன். கேள்வி கேட்கக் கூடாதென்று சட்டம் போட்டதும் அவன். சட்டென்று திரும்பி, மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தண்ணீரோரம் நடந்துபோய்ப் பூவாத்தாவின் முன் நின்றான்.

"அக்கா, அன்னிக்கு ஏன் எட்டுப் பழம் வாங்கினீங்க?"

"எம் மகளுக்கு வளைகாப்பு. சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. அன்னிக்கு ஒருநாள் கூத்துப்பா அது."

"பவுனுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வயித்துல முட்டையோட இருக்கிற புள்ள. கண்ணு படும்னு நானா சொல்லலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவதான் வாயே திறக்கலையே."

வரதப்பன் மலை உச்சியை அண்ணாந்து பார்த்தான். ஒருநாள் விருந்துக்காக ஒரு மலையையே மொட்டையடித்திருக்கிறோம். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலாம் ஆண்டின் முதல் பெஞ்ச் கண்முன்னால் வந்து நின்றது. ஆனால் சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"சரிக்கா. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

பூவாத்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மகளுக்கு ஒரு பழம் குடு. மசக்கையில அதையே கேக்கிறா. அப்புறம், அக்கரையில காட்டுப்பன்றி வீட்ல விசாரிச்சுப் பாரு. தினம் இந்த வாசனை பிடிச்சிக்கிட்டுப் பெருமூச்சு விடுறாங்க."

வரதப்பன் ஓடினான். அக்கரையில் பன்றிக் குடும்பம் ஐம்பது பழம் கேட்டது. "மூணு வாரமா எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே," என்று அழாத குறையாகச் சொன்னது தாய்ப்பன்றி. முள்ளம்பன்றிக்குக் கொட்டை மட்டும் போதுமாம், சுளையை மரநாய்க்குக் கொடுத்துவிடச் சொன்னான். மரநாய்க்கு வெடித்துக் கனிந்தது என்றால் கொள்ளை ஆசை. மயிலோடு ஒட்டிய மயில்கள் தங்கள் இறகில் இருந்ததைத் தின்றே பிரிந்தன. ஓடையில் யானைகள் நிற்பதாக மரநாய் சொன்னது. பவுனு ஒரே ஓட்டமாக ஓடி, "உங்களுக்கு என்ன வேணும் பெரியவங்களே?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். யானைகள் பதில் சொல்லவில்லை. நேரே நடந்து வந்துவிட்டன. மாரிக்கண்ணு எறும்புகளைக் கூட்டிவந்தாள். தொந்தியப்பன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு இருபது பழம் தின்றார்.

சூரியன் மலை விளிம்பைத் தொட்டபோது பவுனு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பத்து," என்றாள். "அப்புறம், சாரோட அலகில ஒண்ணு."

பதினொன்று. ஒரே ஒரு பழத்தில் பட்டம் போகப்போகிறது. கரடி ஆமணக்குக் கொட்டையை நசுக்கி, எண்ணெயை அலகில் தடவி, பழத்தைப் பிடித்து இழுத்தார். ப்ளக் என்று வந்தது. ஆராவமுதன் அலகைத் திறந்து மூடிப் பார்த்தார். இறகைச் சிலிர்த்தார். தாமரை இலையை எடுத்தார்.

"காலைப் பிடிச்சுக் கெஞ்சுடா," என்று மாரிக்கண்ணு வரதப்பனைக் கிள்ளினாள்.

வரதப்பன் கெஞ்சவில்லை. காலையிலிருந்து இருநூறு தடவை கேட்டுக் கேட்டு அவன் வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

"சார், உங்களுக்கு என்ன வேணும்?"

நாரை தாமரை இலையைக் கீழே வைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷமா இந்தக் குளத்துல நின்னு மார்க் போடுறேன். எத்தனையோ பேர் என்கிட்ட மார்க் கேட்டிருக்காங்க. இதை மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை." அவர் பார்வை கரடியின் கையிலிருந்த பழத்துக்குப் போனது. "காலையிலேர்ந்து அலகு உள்ள இருந்துச்சா, கொஞ்சம் ருசி பார்த்துட்டேன். இவ்வளவு நல்லாயிருக்கும்னு எனக்குத் தெரியாது. அதைக் குடு."

அவர் ஒவ்வொரு சுளையாக எடுத்து விழுங்கினார். கடைசிச் சுளை தொண்டையில் இறங்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. பிறகு இலையில் எழுதினார்: மீதி பத்து. மதிப்பெண் நாற்பது. நாலு பேரும் பாஸ்.

தொண்ணூற்றெட்டு வாங்கியபோது சிரித்தவன், நாற்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டான். தொந்தியப்பன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி ஆடினார். இருவரும் பிசினில் ஒட்டிக்கொண்டதால், இறக்கிவிட மறுநாள் ஆயிற்று.

அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே வாய்விட்டுக் கேட்காமல் போடும் கணக்கு, எவ்வளவு பெரிய படிப்பாளி போட்டாலும் தப்புக்கணக்குத்தான்.